விரல் காட்டும் பேரரசி

சீனாவில் பாதி வீடுகளின் சுவரில் படமாகத் தொங்குவது எங்கள் ரிம்மா சவேல்யெவ்னாதான். மீதிப் பாதியில் இன்னும் ஆணி அடிக்கவில்லை. இதோ, புஷ்கின் நகர அரண்மனை வாசலில், மழையில் நசநசத்த சரளைமேல், கூண்டு வைத்த வெள்ளிப் பாவாடையும் அட்டைக் கிரீடமுமாக நிற்கிறார். வலக்கை நீண்டு, ஒரு விரல் கீழே காட்டுகிறது. அந்தக் கால ரஷ்யப் பேரரசி எகத்தெரீனாவைச் சட்டம் வகுப்பவராக வரைந்த படத்தில் அப்படித்தான். புன்னகையும் ஓவியத்துடையதே. அது கலையக்கூடாதென்று உதடு அசையாமல் பேசுவார்.

“கேஷ்கா, மூக்கைத் துடை. படத்துல விழுது.”

நான் அவருடைய ஆள் இல்லை. நெல்லி சித்தியின் ஆள். சித்தியும் எகத்தெரீனாதான், ஆனால் வேலியோரத்து எகத்தெரீனா. நான் பக்கத்தில் வெள்ளைக் கால்சட்டை போட்ட சிப்பாய். காசுக்குப் படமெடுக்க நிற்கும் வேஷக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: நிற்கிறவருக்கே இடம். உட்கார்ந்தால் அடுத்தவர் வரலாம். ரிம்மாவின் முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடப்பது சித்திக்குத் தெரியும்.

“இன்னிக்கு உக்காந்துடுவா பாரு” என்று தினமும் சொல்கிறாள்.

ஒருநாள் ரிம்மாவிடமே கேட்டேன்: “வயசானப்புறம் அரசி நாயோட நடக்கிற படம் இருக்கே? நீலக் கோட்டு, கைத்தடி. அப்படி வரலாமே?”

“வந்து பாத்தாச்சுடா. கழிப்பறை எந்தப் பக்கம்னு கேட்டாங்க.” பெருமூச்சுகூட உதட்டைத் தாண்டவில்லை. “தேவியா வரைஞ்சான், சிங்காசனத்துல வரைஞ்சான், ஆம்பளைச் சட்டையில குதிரை மேல வரைஞ்சான். கால் வலிக்குதுன்னு ஒருத்தனாவது வரைஞ்சானா?”

இன்று மதியம் அவருடைய முகம் வெளுத்தது. கிரீடம் ஒரு பக்கம் சரிந்தது. சித்தி தன் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாரானாள். அந்த நேரம் பார்த்து ஒரு சீனச் சுற்றுலாக் கூட்டம் ரிம்மாவை மொய்த்தது.

கூட்டம் கலைந்தபோது பேரரசி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. உயரம் மட்டும் ஒரு விரற்கடை குறைவு. பாவாடைக் கூண்டுக்குள் எங்கள் வீட்டு உயரமான முக்காலி எப்படிப் போனதென்று முக்காலியைத்தான் கேட்க வேண்டும்.

“பிசாசு! இன்னும் நிக்கிறா பாரேன்” என்றாள் சித்தி.

“இரும்புக் கால், சித்தி” என்றேன், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

“கேஷ்கா.” உதடு அசையவில்லை. “இங்க பாரு.”

பார்த்தேன். புன்னகை அப்படியே இருந்தது. ஓவியத்தில் ஒருபோதும் அசையாத அந்த விரல் மட்டும் மெல்லத் திரும்பி, என் வெள்ளைக் கால்சட்டையில், இரண்டு முழங்காலிலும் வட்டமாக அப்பியிருந்த சேற்றைக் காட்டியது.