அந்த வருஷத்தின் சிறந்த கோல்

என் தம்பி தொழில்முறைப் பந்தாட்டக்காரனாக இருந்தது ஒரே ஒரு வருஷம். அவன் ஆடிய கிளப்புக்கு அது தொடங்கிய நாளிலிருந்து வாய்த்த மிக நல்ல வருஷமும் அதுதான். ரெண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவை ஒட்டிய செமோருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடுகள் முளைத்த பிறகும் திடல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் மாட்டுச் சாணத்துக்கு நடுவே ஓடி ஓடித்தான் தம்பி வலது ஓரத்தில் யாராலும் பிடிக்க முடியாதவனாக ஆனான். கிளப் அவனை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் எடுத்தது. நன்றாக ஆடினால் அடுத்த வருஷமும் உண்டு. இல்லாவிட்டால் பழையபடி ஈப்போ டயர் கடை.

டீமில் எடுத்தால் பிள்ளை வெறுங்காலோடு பால்காவடி எடுப்பான் என்று அம்மா முருகனிடம் வேண்டியிருந்தாள். எடுத்துவிட்டார்கள். ஆனால் சீசனின் முதல் ஆட்டம் தைப்பூசத்துக்கு அடுத்த வாரமே வந்தது.

"அடுத்த வருஷம் எடுக்கட்டும்மா. காலை வச்சுதானே அவன் பொழைக்கணும்" என்றேன்.

"சாமிக்கிட்டயே தவணை கேக்கச் சொல்றியா? உன் வாயிலே நல்லதே வராதா?"

"விடுக்கா, நடந்துருவேன் லா" என்றான் தம்பி. அம்மா எதிரில் அவன் எப்போதும் இப்படித்தான், கோழிக்குஞ்சு.

காவடியோடு ஈப்போவின் புந்தோங்கிலிருந்து முருகனின் மலைக் கோயில்வரை நடக்க வேண்டும். விடியற்காலையில் கிளம்பியிருந்தால் கால் பிழைத்திருக்கும். அம்மா பார்த்த நல்ல நேரமோ வெயில் ஏறிய பிறகுதான் வந்தது. பாதி வழியில் தண்ணீர்ப் பந்தலில் நின்றபோது அவன் பாதத்தைப் பார்த்தேன். ரெண்டிலும் கொப்புளம். ஒன்று உடைந்து தோல் தொங்கியது. எதிரே ஒரு கடையில் தடித்த காலுறை ஒரு ஜோடி வாங்கி வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து நானே மாட்டிவிட்டேன். தோளில் காவடி இருந்ததால் அவனால் குனிய முடியாது. அவன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் எத்தனையோ பேர் காலுறையோடுதான் நடந்தார்கள்.

பால்குடத்தோடு முன்னால் போன அம்மா கோயில் வாசலில்தான் திரும்பி, அவன் காலுறையைப் பார்த்தாள்.

"ஸ்டோக்கின் யாருடா மாட்டிவிட்டது?"

"நான்தான்" என்றேன். அவள் பால்குடத்தோடு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

புண்ணைப் பற்றித் தம்பி பயிற்சியாளரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார் என்று பயம். பஞ்சை வைத்துக் கட்டி, மேலே பூட்ஸை மாட்டிக்கொண்டு முதல் ஆட்டத்தில் இறங்கினான். எதிரணி போன வருஷத்துச் சாம்பியன். கொஞ்ச நேரம் ஆடியிருப்பான். பந்தை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, வலிக்கிற பாதத்தை ஊன்றாமல் ஒருச்சாய்த்துத் திரும்பினான். முட்டி பிசகி அங்கேயே விழுந்தான். நடுவர் விசில் அடிக்கவில்லை. அவன் அனுப்பிய பந்து இரண்டு பேர் கால் மாறி வலைக்குள் போனது. மைதானமே எழுந்து குதித்தது. ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் கோல் போட்டவன் மேல் விழுந்து புரண்டார்கள். தம்பி மூலைக்கொடிக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். சாம்பியனை எங்கள் கிளப் வென்றது அதுவே முதல் தடவை.

முட்டியில் தசைநார் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டிலேயே அம்மா ஆரம்பித்தாள்.

"ஸ்டோக்கின் போட்டுச் சாமிய ஏமாத்துனா அவரு சும்மா விடுவாரா?"

"வெந்த காலோட ஓடுனா முட்டி போகாம வேற என்ன போகும்?"

"அக்காவ விடும்மா. இது என் காலு" என்றான் அவன்.

அவனுடைய இடத்துக்குப் பீடோர் ஊர்க்காரன் ஒருவனைப் போட்டார்கள். அவன் இரண்டாவது ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தான். பாவி, நன்றாகத்தான் ஆடினான். அதன்பிறகு பல மாதம் கிளப்பைத் தோற்கடிக்க ஆளில்லை. கடைசியில் கோப்பையும் கிடைத்தது. கிளப் ஜெயிக்கிற ஒவ்வொரு ராத்திரியும் அம்மா என்னைத் திட்டுவாள்: அந்த இடத்தில் என் பிள்ளை நின்றிருப்பான், உன்னால்தான் போச்சு. அந்த வருஷம் கிளப் ரொம்ப ஜெயித்தது. ஒவ்வொரு தடவையும் தம்பி 'இது என் காலு' என்ற அதே வாக்கியத்தைச் சொல்லி அவள் வாயை அடைப்பான். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். வேறு யார் எனக்காகப் பேசினார்கள்?

முட்டி தேறியிருந்ததால், சீசனின் கடைசி ஆட்டத்தில், பாவம் பார்த்துக் கடைசிப் பத்து நிமிஷம் அவனை இறக்கினார்கள். முட்டி ஓடியது, மனசு ஓடவில்லை. வந்த பந்தையெல்லாம் எதிராளிக்கே கொடுத்தான். எங்கள் ஊர்க்காரர்களே "காயு! காயு!" என்று கத்தினார்கள். மரக்கட்டையாம். என் பக்கத்தில் கத்தியவனிடம் நான் எழுந்து சண்டைக்குப் போனேன். அடுத்த வாரம் மேனேஜர் போனில் கூப்பிட்டு, தெரிமா காசே என்று நன்றி சொல்லி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். தம்பி டயர் கடைக்குத் திரும்பினான்.

டிசம்பரில் கிளப் அந்த வருஷத்துச் சாதனைகளை ஒரு வீடியோவாகப் போட்டது. சாப்பிடும்போது தம்பி அதைக் கைப்பேசியில் திறந்தான். கோப்பை, தோல்வியே இல்லாத மாதங்கள், பீடோர்க்காரனின் மூன்று கோல், எல்லாம் வந்தது. கடைசியில் வருஷத்தின் சிறந்த கோல். சாம்பியனுக்கு எதிராகப் போட்ட அதே கோல். எல்லாரும் கட்டிப் பிடித்துக் குதிக்கிறார்கள். படத்தின் மூலையில் ஒருவன் கீழே கிடக்கிறான். முகம்கூடத் தெரியவில்லை.

அவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். அம்மா வழக்கமான பாட்டைத் தொடங்குவாள், அவன் வழக்கமான பதிலைச் சொல்வான் என்று நான் காத்திருந்தேன். அம்மா குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவன்தான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"நான் கேக்கவே இல்லையேக்கா. ஸ்டோக்கின ஏன் மாட்டிவிட்ட?"

அம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.