இலை விரித்த வாளி

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிற ஆள் நான். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், ஜெர்மனியில் எந்த ஊரில் வேலை கிடைத்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். எங்கள் நாட்டில் சண்டை மறுபடி மூண்ட வருஷம், ஐப்பசியில், மோசல் ஆற்றோரத்துக்குத் திராட்சை வெட்டப் போனேன். வன்னிக்குப் போன அண்ணையிடமிருந்து ஆவணிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குச் செம்மண் தோட்டம், பந்தலில் திராட்சை. கொத்தைக் கீழிருந்து ஏந்தித்தான் வெட்ட வேண்டும், பனையோலைக் கடகத்தில் இலை விரித்துத்தான் அடுக்க வேண்டும் என்பதில் அண்ணை பிடிவாதக்காரர்.

மோசலில் ஏணி சாத்தியதுபோல மலை, முழுக்கக் கறுப்புக் கல். பகல் வெயிலை இந்தக் கல் குடித்து வைத்து இரவில் கொடிக்குக் கொடுக்கும், அதனால்தான் இந்தக் குளிரிலும் பழுக்கிறது என்று சொல்லி, தோட்டக்காரக் கிழவர் நான் போய்ச் சேர்ந்த அன்று மாலை ஒரு கல்லை என் கையில் வைத்தார். சூடாகத்தான் இருந்தது.

ஒரு வரிசைக்கு இரண்டு பேர், கொடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இலைக்குள்ளால் எதிராளியின் கை மட்டும் தெரியும். எனக்கு எதிரே ஒரு போலந்துக்காரன் என்று அன்றே சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறியது. நான் அவசரத்தில் ஒரு கொத்தை மேலே பிடித்து இழுத்தேன்.

"கீழால ஏந்தடா, பழம் நோகும்."

"ஓம் அண்ணை" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கை நின்றது. எதிரே இரண்டு கைகள் கொத்தை ஏந்தி வெட்டிக்கொண்டிருந்தன. ஒரு இலையை விலக்கினால் முகம் தெரியும். விலக்கினால் போய்விடுமோ என்று பயந்து வரிசை முடியும்வரை அந்தக் கைகளோடேயே வெட்டினேன். எங்கே இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

வரிசை முடிவில் ஆள் இல்லை, வாளி மட்டும் இருந்தது. போலந்துக்காரனை விடியவே பழம் பிழியும் இடத்துக்கு அனுப்பிவிட்டேனே என்றார் கிழவர். வாளிக்குள் பார்த்தவர், இலை சேர்ந்தால் வைன் கசக்கும், எந்த மடையன் அடியில் விரித்தது என்று கத்தினார். நான்தான் என்று சொல்லி, இலைகளைப் பொறுக்கி எறிந்தேன். ஒன்றையாவது வைத்திருந்திருக்கலாம்.

அண்ணை இன்றுவரை வரவில்லை. "ஏதும் அறிஞ்சனியோ?" என்று அம்மா போனில் கேட்கிறார். இல்லை என்கிறேன்.

அன்று இலை பொறுக்கிய கையைக் குழாயில் கழுவியபோது தண்ணீர் சிவப்பாக ஓடியது. கையில் ஒரு கீறலும் இல்லை. பழச்சாறு என்பீர்கள். அந்த மலையில் வெள்ளைத் திராட்சை மட்டும்தான், மண்ணும் கறுப்பு.