வடிவேல் கங்காணி திருப்பித் தந்த கூழ்ப்பானை

வடிவேல் கங்காணி, என் வீட்டுக்காரர் முனியனை ஜப்பான்காரனிடம் பிடித்துக் கொடுத்தவன் நீ. இப்போது ஊரில் உட்கார்ந்துகொண்டு, அவர் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டார் என்று சொல்லித் திரிகிறாயாம்.

மலாயாவில், சிடாம் கிரித் தோட்டத்தில் நான் இப்போதெல்லாம் கூழ்ப்பானையைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன். நம் ஊர் தருமபுரிப் பெண்கள் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே அதை அலசுவதோடு சரி. ஓரத்தில் ஒட்டிய பழங்கூழ்தான் புதுக்கூழைப் புளிக்கவைக்கும். கேழ்வரகுக்கு ஓர் இரவு போதும். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் கொடுத்ததோ மக்காச்சோள மாவு. தொண்டையில் இறங்காது. இரண்டு இரவு புளித்தால்தான் குடிக்க முடியும். அதைக் குடித்துவிட்டுத்தான் காடு வெட்டி மரவள்ளி நட்டோம்.

அப்போது நீ வந்தாய்.

"தங்கச்சி, பானை ஒண்ணு குடு. கோயில்ல பொங்கல் வைக்கணும்."

"அது கூழ்ப்பானைண்ணே. பொங்கல் புளிச்சிரும்."

"சாமி கோவிச்சுக்காது லா. நான் பேசிக்கிறேன்."

என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. "சாமிகிட்டயே பேசுறவரு, ஜப்பான்காரன்கிட்ட பேசி நாலு படி அரிசி வாங்கித் தரலாமே!" உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

சில நாளில் பானை வந்தது. வழக்கம்போல் அலசி, சோளக்கூழ் ஊற்றி மூடினேன். திறந்தபோது நுரை தள்ளியது. கள் வாடை.

அவர் ஒரு வாய் குடித்துத் துப்பினார். "என்னா புள்ள இது, கூழா கள்ளா?"

"கொட்டிரவா?"

"கொட்டிட்டு எதைக் குடிக்கிறது? சுட வச்சா வாடை போயிரும்."

அடுப்பில் ஏற்றினார். வாடை லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பரவியது. சிப்பாய் வந்தான், பக்கத்தில் நீ. "கூழுங்க, கூழு" என்று அவர் கும்பிட்டார். சிப்பாய்க்குப் புரியவில்லை, உன்னைப் பார்த்தான். நீ "சம்சு" என்றாய், கள்ளச்சாராயம் என்று. அந்த ஒரு சொல்லுக்கு அவரை அடித்து, சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றினார்கள். இன்றுவரை வரவில்லை.

பக்கத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், இருக்கும் மினாதான் பிறகு பானையை முகர்ந்து, "தப்பாய்" என்றாள். அது அவர்கள் ஊறவைத்துச் செய்யும் பண்டம். வெந்த சோற்றில் வெள்ளை மாவு வில்லையைப் பொடித்துத் தூவி மூடுவார்களாம். முதலில் இனிக்கும், விட்டுவைத்தால் போதை ஏறும். அந்த வில்லையை உனக்கு விற்றவளே அவள்தான், சிப்பாய்களுக்கென்று நீயே சொன்னாயாம். எங்களுக்கு இல்லாத அரிசியில், எங்கள் பானையில், சிப்பாய்களுக்குக் கள் ஊறவைத்திருக்கிறாய். எங்கள் புளிப்பு கூழாக்கிய அதே சோளத்தை உன் வில்லை கள்ளாக்கியது. மண்பானைக்குள் அந்த ஊறல் இறங்கி நிற்கும் என்று கூழ் குடித்து வளர்ந்த உனக்குத் தெரியாதா? அன்றைக்கே கேட்டிருந்தால் என்னையும் லாரியில் ஏற்றியிருப்பாய்.

ஊருக்கு வந்தால் நான் சாராயக்காரன் பெண்டாட்டி. இங்கே இருந்தால், தாலியை வைத்துக்கொள்ளலாமா கழற்றலாமா என்று தெரியாத பெண்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஊரே கூடும். என் மாமியாரும் வருவார். அவர் முன்னால் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொல்: அந்தப் பானையில் ஊறியது யாருடைய கள்?