நூற்றுப் பதினேழாம் நம்பர் கவர்

ஜோன்ஸ் செய்த தப்பு சின்னதுதான். சங்கரன்கோவிலில் அவர் போகிற சபையில், குடும்பத்துக்கு ஒரு நம்பர் போட்டுக் காணிக்கைக் கவர் கொடுப்பார்கள்; எதற்கு ஸ்தோத்திரம், அதாவது நன்றி, என்று எழுதிப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். பெயர் எழுதாமல் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்து, பீரோவில் கிடந்த தன் வீட்டு நூற்றுப் பதினேழாம் நம்பர் கவரிலேயே தன் ஸ்தோத்திரத்தை எழுதிப் போட்டுவிட்டார். இருபது வருஷம் பஸ் கண்டக்டராக நம்பரோடு மாரடித்த மனிதர். இந்த ஒரு நம்பரைப் பார்க்கத் தோன்றவில்லை. என்னத்தைச் சொல்ல!

ராஜபாளையம் பஸ்ஸில் அவர் இருந்தால் கலகலப்புதான். கரிவலம்வந்தநல்லூர்ப் பெண்கள் அவர் வாயைக் கிண்டுவதற்காகவே அந்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். அப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் எதுவுமே பிடிக்காமல் போயிற்று. வீட்டில் சண்டை இல்லை, வேலையில் குறை இல்லை. காரணம் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. சோறு வாயில் மண்ணாக இருந்தது. செத்துவிடலாம் என்கிற நினைப்பு மட்டும் தவறாமல் வந்தது. அவருடைய அப்பா சபையில் ஜெபம் நடத்துகிற உபதேசியாராக இருந்தவர். உபதேசியார் மகனுக்கா இப்படி, விசுவாசம் இல்லாதவன் என்பார்களே என்று பயந்து, மனைவி பிளஸ்ஸியிடம்கூட மூச்சு விடவில்லை.

மனம் விட்டுப் பேசிய ஒரே இடம் செல்போனில் இருந்த ஒரு குழு. அதே நினைப்பு வருகிறவர்கள், அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், எங்கெங்கோ இருந்துகொண்டு எழுதுவார்கள். நிஜப் பெயர் கிடையாது; ஊரும் தொழிலும் மட்டும் சொல்லிக்கொள்வார்கள். எப்படிச் சாவது என்கிற பேச்சு கூடவே கூடாது, அது அங்கே சட்டம். மற்றபடி அழலாம், திட்டலாம், சாம்பார் தீய்ந்ததைச் சொல்லலாம். ஜோன்ஸின் பெயர் அங்கே 'ரெண்டு விசில்'.

ஒரு மத்தியானம் டூட்டி முடிந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, "எல்லாருக்கும் நன்றி. நாளையிலேருந்து நான் இல்லை" என்று எழுதினார். புத்தி சொல்லுவார்கள், படித்துவிட்டு போனை அணைத்துவிடலாம் என்றிருந்தார். 'இட்லி மாவு' என்று பெயர் வைத்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "அண்ணாச்சி, சங்கரன்கோவில்லேருந்து குருவிகுளத்துக்கு எந்த பஸ்?"

கண்டக்டரிடம் பஸ் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னார். 'ஒத்தப் பனை' வாசுதேவநல்லூருக்கு வழி கேட்டது. 'ஆமை' மதுரையிலிருந்து வந்தால் எங்கே மாறி ஏற வேண்டும் என்றது. தப்பாகச் சொல்லி யாரையும் அலைய விட்டுவிடக் கூடாதே என்று யோசித்து யோசித்து எழுதினார். பதினோரு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் 'நாளைக்குப் பாப்போம்' என்பவர் கேட்டார்: "தென்காசி பெரியாஸ்பத்திரிக்குக் காலையில எத்தன மணிக்கு பஸ்? அதுல நீங்கதான் ஏறணும். மனநல டாக்டரைப் பாக்கணும். இப்ப நேரா வீட்டுக்குப் போங்க, அதுவரைக்கும் வேற எங்கயும் போகக்கூடாது, தனியா இருக்கக்கூடாது." ஜோன்ஸுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதார்.

மறுநாள் ஏறினார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பிளஸ்ஸி கேட்டதற்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டார். அவளும் நம்பி, அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, மெல்ல மெல்லச் சோற்றில் ருசி திரும்பியது. வருஷம் ஒன்று ஓடிற்று. இந்த நன்றியை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் நெஞ்சு தாங்காது போலிருந்தது. அதற்குத்தான் அந்தக் கவர்.

சபைச் செயலாளர் பிரேம்சிங் உதவி செய்தே ஆளை ஒரு வழி பண்ணுகிறவர். ஐயோ பாவம், பெயர் எழுத மறந்துவிட்டாரே என்று நோட்டைப் பார்த்துப் பெயரை நிரப்பி வைத்திருந்தார். காரணத்தைத்தான் முன்கூட்டிப் படிக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில், பிறந்தநாள், கல்யாணநாள், மகனுக்கு வேலை என்று வாசித்துக்கொண்டே வந்தவர், "ஜோன்ஸ், பிளஸ்ஸி குடும்பம்" என்றார். "போன வருஷம் இதே வாரம், சாகப் போறேன்னு சொன்ன என்னைச் சாக விடாம, பேசிக்கிட்டே இருந்த பதினோரு பேருக்காக ஸ்தோத்திரம்." முடித்ததும் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பெயர் வாசிக்கப்பட்டவர்கள் குடும்பத்தோடு முன்னால் போய் முழங்கால் போட வேண்டும். ஜோன்ஸ் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். இனி எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது? பெண்கள் பக்கத்திலிருந்து பிளஸ்ஸி எழுந்தாள். அத்தனை பேரும் பார்க்க ஆண்கள் பக்கம் நடந்து வந்து, அவர் கையைப் பிடித்து, "எந்திரிங்க" என்றாள்.

முழங்காலில் நின்றவர்களிடம் குருவானவர் குனிந்தார். "அந்தப் பதினோரு பேரு யாரு? பேரச் சொல்லும், ஜெபத்துல சொல்லுதேன்."

"நிஜப் பேரு தெரியாதுய்யா."

"தெரிஞ்ச பேரச் சொல்லும்."

சொன்னார். குருவானவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. கையை உயர்த்தி, "ஆண்டவரே, இட்லி மாவுக்காக உமக்கு ஸ்தோத்திரம். ஆமைக்காக ஸ்தோத்திரம். ஒத்தப் பனைக்காக ஸ்தோத்திரம்" என்று ஒன்று விடாமல் சொன்னார். பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்து, அப்புறம் மூக்கை உறிஞ்சினார்கள். சபை மொத்தமும் ஆமென் சொன்னது.

வீடு வந்து சேர்ந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பிளஸ்ஸி கேட்டாள். "அப்ப அந்த மாத்திர முதுகுக்கு இல்ல?"

"இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயந்துருவன்னுதான்."

"பயந்தா பயந்துட்டுப் போறேன். ஒங்களுக்காகப் பயப்பட எனக்கு உரிமை இல்லையா? அடுத்த தடவ டாக்டர்ட்ட நானும் வாரேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, சின்னப் பிள்ளையிடம் ஏமாந்தவள்போல, "ஒரு வருஷமா தைலம் தேச்சேனே, அம்புட்டும் வீணா?" என்றாள்.

ஜோன்ஸ் சட்டையைக் கழற்றினார். அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார்.

"வீணில்ல பிளஸ்ஸி. மாத்திரையோட சேத்து அதுவுந்தான் கேட்டுச்சு."