அம்மன் பேரைச் சொல்லி நடந்தவள்

என் அக்கா பூவம்மாவைப் போல ஒரு பக்திமானைப் பார்த்ததில்லை என்று சிராங்கூன் ரோடு முழுக்கப் பேச்சு. அவள் செத்த வீட்டில்கூட அதையே சொல்லி அழுதார்கள். எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. அவள் சாமி கும்பிடப் போகவில்லை. நடக்கப் போனாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறியது. அடுத்தது எட்டு மாதம் மடியில் கிடந்துவிட்டுக் காய்ச்சலில் போனது. அதன் பிறகு ரேஸ் கோர்ஸ் ரோட்டு மாடிவீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். சோறு இறங்காது, தூக்கம் கிடையாது, படியேறினால் மூச்சு வாங்கும். அவள் புருஷன் தனசேகரன், துறைமுகக் கிடங்கில் கிளார்க், பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியாகப் பார்த்தவர் டாக்டர் ஜேசுதாசன். அத்தான் மருந்து வாங்க வெளியே போன சமயம், எங்கள் இருவரிடமும் சொன்னார்.

"மாத்திரை பாதி வேலைதான் செய்யும்மா. மீதி உங்க கால்லதான் இருக்கு. தினமும் நடங்க. ஒரே வழியில போனா அலுத்துடும், மாத்தி மாத்திப் போங்க. ஒரு நாள் வேகமா, ஒரு நாள் மெதுவா, ஒரு நாள் மேடு ஏறி."

சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை காரணம் இல்லாமல் நடந்தால், காரணத்தை மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அக்கா வாயைத் திறந்ததுமே மாமியார், "குடும்பத்துப் பொம்பளை ரோட்டுல உலாத்துறதா?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். மறுநாள் சாயந்திரம் அக்கா தலைவாரிப் பூக்கூடையை எடுத்துக்கொண்டாள். "காளியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன் அத்தை." யாரும் தடுக்கவில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான். ஒரு நாள் காளியம்மன், ஒரு நாள் பெருமாள், வெள்ளிக்கிழமை டேங்க் ரோடு முருகன், ஒழிந்தபோது சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன். சாமிக்குச் சூடம் எரிகிற நேரம்தான். மீதியெல்லாம் தெருவுக்கு. முருகனைப் பார்க்கப் போகிறவள் சோபியா மேட்டைச் சுற்றி ஏறுவாள். பெருமாள் கோயிலிலிருந்து ஃபேரர் பார்க் திடலுக்குப் போய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு புல்லில் நடப்பாள். ரோச்சோர் கால்வாய் ஓரமாக வேகமாகப் போய், தேக்கா மார்க்கெட்டில் வெற்றிலைக்காரியிடம் வம்பு பேசி மெதுவாகத் திரும்புவாள்.

மாதம் இரண்டு ஆகவில்லை, படுத்தால் தூங்கினாள். மறுசோறு கேட்டாள். ஒரு நாள் சீன மருந்துக் கடைக்காரர் தும்முவதை அவள் நடித்துக் காட்ட, எதற்கும் சிரிக்காத மாமியார் சிரித்துவிட்டாள். பிள்ளைகளை மறந்தாளா என்றால் இல்லை. "வீட்டுல இருந்தா அதுங்க என் மேல ஏறி உட்கார்ந்துக்குதுடி. நடந்தா கூடவே வருதுங்க," என்றாள் என்னிடம்.

சில வருஷத்தில் மாமியார் கண்ணை மூடினாள். அக்கா நடை நிற்கவில்லை. அறுபத்தொன்றில் அத்தானுக்குப் பதவி உயர்வு வந்தது. அன்று இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது அக்காவின் குதிகால் வெடிப்பைப் பார்த்துவிட்டார். மனுஷன் தன் கையாலேயே எண்ணெய் தடவினார். மறுநாள் வாசலில் ஒரு திரிஷா, ஆளை உட்கார வைத்து மிதிக்கிற மூன்று சக்கர வண்டி. ஓட்டுகிறவன் ஆ செங், தேக்காவிலேயே வளர்ந்து தமிழ் பேசுகிற சீனன். மாத வாடகைக்கு.

"இனிமே என் பொண்டாட்டி வெயில்ல நடக்க வேண்டாம்லா. எந்தக் கோயிலுக்கும் வண்டியில போகட்டும்."

அக்கா முகம் செத்துவிட்டது. நான்தான் துடுக்குக்காரியாயிற்றே, அங்கேயே போட்டு உடைத்தேன். "அத்தான், அவ சாமி கும்பிடப் போகல. நடக்கத்தான் போறா. வண்டி வேணாம்."

அவர் சிரித்தார். "உங்க அக்கா காசை மிச்சம் பிடிக்க உன்னைத் தூது விட்டாளா?" அவள் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு பூவு. நடக்கவா போற, அம்மனைப் பார்க்கவா?"

சுவரில் அம்மன் படம், எதிரே ஆசையாகப் பார்க்கிற புருஷன். இத்தனை வருஷம் தெய்வத்தின் பேரைச் சொல்லி ஏமாற்றினேன் என்று எந்த வாயால் சொல்வாள்? "அம்மனைப் பார்க்கத்தாங்க," என்றாள். அந்த ஒரு பொய்யை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

இருந்தாலும் அவள் விடவில்லை. வாசலில் ஏறுவாள், முனை திரும்பியதும் இறங்கிவிடுவாள். பூக்கூடை வண்டியில் போகும், இவள் பக்கத்தில் நடப்பாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை, எனக்கு ஓட்டைவாய் என்று தெரியுமே. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஒரு நாள் செலகி ரோட்டில் கடை வைத்திருந்த நெய்னா முகம்மது அத்தானிடம், "உங்க வீட்டம்மா நடந்து போறாங்க, வண்டி காலியாப் போவுதே," என்று நல்லெண்ணத்தில் சொல்லிவைத்தார்.

அத்தான் ஆ செங்கைத் தெருவில் வைத்தே திட்டினார். "காசு வாங்கிட்டுப் பொம்பளையை நடக்க விடுறியா?" அவன் அக்காவைப் பார்த்தான். அவள் சொல்லாதே என்பது போலத் தலையை லேசாக ஆட்டினாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அடுத்து வந்தவனுக்குக் கண்டிப்பான உத்தரவு, வாசலில் ஏற்றி வாசலில் இறக்க வேண்டும்.

பிறகு அவள் கோயிலுக்குப் போவதே குறைந்தது. கால் வீங்கியது, தூக்கம் போனது, மறுபடியும் ஜன்னலோரம். "கோயிலுக்குப் போக முடியலைன்னு ஏங்குறா," என்று அத்தான் ஊரில் உள்ள சாமிப் படங்களையெல்லாம் வாங்கிச் சுவரில் மாட்டினார். அறுபத்தேழில், ஒரு மத்தியான நேரம், அந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள். டாக்டர் ரத்தக் கொதிப்பு என்றார். இருக்கலாம். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ஆ செங் வந்தான். கையில் ஒரு முழம் மல்லிகை. அத்தானுக்குப் பழைய கோபம் போகவில்லை. "நீ எதுக்கு வந்தே? அவளை நடக்க விட்டவன்தானே நீ?"

"டவுக்கே, நான் விடல. அக்காதான் கேட்டாங்க," என்றான். முதலாளியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "தினமும் சொல்வேன், ஏறுங்கக்கான்னு. சிரிப்பாங்க. 'நான் நடந்தாத்தான் உயிரோட இருப்பேன் ஆ செங். டவுக்கேகிட்ட சொல்லாத, பாவம், ஆசையா வண்டி வச்சிருக்காரு'ன்னு சொல்வாங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. ஆ செங் பக்கம் திரும்பி, "சிரிச்சாளா?" என்று கேட்டார்.

"நல்லா சிரிப்பாங்க. அந்த மேட்டுல ஏறும்போது பாட்டுகூடப் பாடுவாங்க."

"பூவு பாடுவாளா?"

பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவர் கேட்ட கேள்வி இது. எனக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்தது. அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். "எந்த வழியில போவான்னு காட்டு," என்றார்.

ஆ செங் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, அத்தான் அதன் பக்கத்தில் நடந்தார், நான் பின்னால். கால்வாய் ஓரம், தேக்கா, செலகி ரோடு, சோபியா மேடு. பாதி மேட்டில் அவருக்கு மூச்சு முட்டி, ஒரு வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கூட நடந்திருப்பேனே," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்கு வாய்வரை ஒரு பதில் வந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை விழுங்கினேன்.

"வீடு தூரம் டவுக்கே, வண்டியில ஏறுங்க," என்றான் ஆ செங்.

அவர் ஏறவில்லை.