ஏழாவது விதி

அந்தத் தாளின் மை வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி எடுத்த நீளத் தாள். மை சரியாகக் காயாததால் விரல் பட்ட இடமெல்லாம் கருநீலமாய் இழுபட்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு, சிறப்பு ஆங்கிலப் பிரிவு, மாணவியரும் பெற்றோரும் கடைப்பிடிக்க வேண்டியவை என்று தலைப்பு. ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட விதிகள், எல்லாம் ஆங்கிலத்தில். அடியில் இரண்டு புள்ளிக் கோடுகள். ஒன்று எனக்கு, மற்றொன்று என் அப்பாவுக்கு.

ராயபுரத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புதான் உயர்நிலையின் முதல் வருடம். அந்த வருடம் எண்பது பேரில் இருபது பேரைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி மாடியில் தனி அறையில் உட்காரவைத்தார்கள். மற்றவர்களுக்கு இல்லாத பாடப் புத்தகம், நூலக அலமாரியின் சாவி, வாரம் ஒரு கட்டுரை. அந்த அறையிலிருந்து போனவர்கள் டீச்சர் டிரெயினிங்குக்கும் டெலிபோன் ஆபீசுக்கும் போனார்கள் என்று சொல்வார்கள். எங்கள் சந்திலிருந்து அந்த மாடிக்கு ஏறிய முதல் பெண் நான். அந்த இடம் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு நினைப்பே இல்லை.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலிலிருந்து கோதுமை மூட்டைகளை வலையோடு தூக்கிக் கரையில் இறக்கும் வேலை. தமிழ் நன்றாகப் படிப்பார். ஆங்கிலத்தில் எண்களையும் கப்பல்களின் பெயர்களையும் மட்டும் கண்டுபிடிப்பார். தொழிற்சங்கத்திலிருந்து வரும் ஆங்கிலத் தாள்களை எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். அதில் அவருக்குப் பெருமை.

அன்று சாயங்காலம் அவர் டீ குடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து விதிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். மணி அடித்த பிறகு வந்தால் அன்றைய வகுப்பு கிடையாது. கட்டுரையை ஒரு நாள் தாமதித்தாலும் வாங்க மாட்டார்கள். வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும். புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை. ஒவ்வொன்றுக்கும் நைனா தலையாட்டினார். “கரீட்டு. ஹார்பர்லயும் லேட்டா வந்தா கேட்டுக்கு வெளியதான்.” ஆறாவதை முடித்து, மூச்சு விடாமல் எட்டாவதற்குப் போனேன்.

“நில்லு. ஆறுக்கு அப்பால எட்டா? எந்த ஊர்ல?”

அவருடைய தடித்த விரல் தாளில் ஏழு என்ற எண்ணின் மேல் இருந்தது. நாள் முழுவதும் வலைகளை எண்ணுகிறவரிடம் ஒரு எண்ணை விழுங்கப் பார்த்தது என் முட்டாள்தனம். உள்ளேயிருந்து அம்மா, “இன்னா, எத வுட்டுட்டா?” என்றாள்.

“பெத்தவங்க வூட்ல கொச்சையா பேசக் கூடாதாம், நைனா. பொண்ணு காதுல வுழக் கூடாதாம். நம்ம பேசுற மாதிரி.”

நைனா முதலில் சிரித்தார். “அப்ப வூட்டுக்கு வந்தா நான் இன்னா, கைய காலை ஆட்டிகினு சைகை காட்டணுமா?”

“நல்லதுதான், காட்டு” என்றாள் அம்மா. “கொஞ்ச நாளு என் காதாச்சும் குளிரும்.”

அதற்கும் சிரித்தார். பிறகு மீதி மூன்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். “மத்த ஒம்போதும் நியாயம், பாப்பா. அவங்க காம்பவுண்டு, அவங்க ரூலு. என் வூடு இன்னா அவங்க காம்பவுண்டா?” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஏழாவது விதியின் மேல் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, “வூட்டு பேச்சு ஸ்கூலுக்கு சம்மந்தம் இல்ல” என்று தமிழில் எழுதினார். அதற்கும் பக்கத்தில் ஒரு விரல்கடை இடம் விட்டார். “இங்க உங்க மிஸ்ஸ போட சொல்லு.”

அது துறைமுகத்து வழக்கம். இறங்குகிற சரக்கைக் கப்பல்காரரும் கரைக்காரரும் தனித்தனியே எண்ணி ஒரே தாளில் எழுதுவார்கள். ஒரு வரியில் ஒத்துப்போகவில்லை என்றால் அதை அடித்து, அடித்தவர் கையெழுத்தும் காரணமும் எழுதி, எதிர்த்தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் நகராது. “அடிச்சவன் கையெழுத்து இல்லாத கோடு கோடே இல்ல” என்று நைனா அடிக்கடி சொல்வார். எனக்கோ அந்தக் கோட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. மிஸ் இதைப் பார்த்தால் என் இடம் அவ்வளவுதான்.

நான் செய்ததை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. தாளில் மண்ணெண்ணெய் கொட்டிவிட்டது என்று பள்ளி அலுவலகத்தில் பொய் சொல்லி வேறொரு தாள் வாங்கினேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பதினைந்து தடவை பழகிவிட்டு, நைனாவின் கையெழுத்தை நானே போட்டேன். பழைய தாள் அடுப்பில் எரிந்தது. பெற்றோர் கையெழுத்தைத் தானே போடுகிற மாணவி அந்தப் பிரிவிலிருந்து நீக்கப்படுவாள் என்று ஒன்பதாவது விதி சொன்னது. அதையும் படித்துவிட்டுத்தான் போட்டேன். நைனாவிடம், “மிஸ் ஒத்துக்கினாங்க” என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் பாயைச் சுருட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆங்கில மிஸ்ஸைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நகரத்தின் மறுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு நாளும் தாமதித்ததில்லை. எங்கள் கட்டுரைகளில் ஒவ்வொரு வரிக்கும் சிவப்பு மையில் பதில் எழுதியிருப்பார். எங்களை எங்கள் தெருக்களிலிருந்து காப்பாற்றுவதாக உண்மையிலேயே நம்பினார். அந்த நம்பிக்கை தந்த காயம்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் பெற்றோரை வரச் சொன்னார்கள். நைனா பகல் வேலை முடிந்து, வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு நேரே வந்தார். காதோரத்தில் கோதுமைத் தூசி ஒட்டியிருந்தது. என்னோடு மிஸ்ஸின் மேசைக்கு முன் வந்து நின்று கும்பிட்டார். “ரொம்ப தேங்ஸ் மிஸ். அந்த ஏழாவது ரூல எடுத்துட்டீங்க. பெரிய மனசு உங்களுக்கு.”

மிஸ் புருவத்தைச் சுருக்கினார். கோப்பைப் புரட்டி என் தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பினார். “எதையும் எடுக்கலையே. பத்தும் இருக்கு. இது உங்க கையெழுத்துதானே?”

நைனா பார்த்தார். கோடு இல்லாத ஏழாவது விதியைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. வெளியே துறைமுகத்துச் சங்கு ஊதி ஓய்ந்தது.

“என்துதான்” என்றார். “அன்னிக்கு வேலைக்கு போற அவசரத்துல படிக்காம போட்டுட்டேன். இப்ப படிச்சுட்டேன்.” பேனாவை எடுத்து ஏழின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மிஸ்ஸுக்கு முகம் சிவந்தது. “இஷ்டத்துக்கு அடிக்க இது என்ன விளையாட்டா? வீட்டுல என்ன கேக்கறாளோ அதுதான் அவ வாயில வரும். அவ நல்லதுக்குத்தான் சொல்றோம். பத்தையும் ஒத்துக்கிட்டாதான் இந்த வகுப்பு. இல்லைன்னா பி பிரிவுக்குப் போகட்டும்.”

“பொண்ணு எத்தினியாவது மார்க்கு மிஸ்?”

“மூணாவது.”

“அப்ப அவ மார்க்கு அவள வெளிய தள்ளல. என் வாயி தள்ளுது.”

மிஸ் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். சிவப்பு மையால் என் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். மாடி அறை, சாவி, கட்டுரை நோட்டு எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே போயின. நைனா குரலை உயர்த்தவில்லை. “கோடு போட்டா பக்கத்துல கையெழுத்து போடணும் மிஸ். எதுக்கு அடிச்சீங்கன்னும் எழுதிடுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா தெரியணுமில்ல.”

“எழுதறேன்” என்று மிஸ் பேனாவை ஊன்றினார். ‘தந்தை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. தந்தை என்ன செய்தார் என்று எழுதுவது? பேசினார் என்றா?

எழுதத் தகுந்த காரணம் ஒன்று இருந்தது. அது என் வாயில் இருந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லியிருந்தால் மிஸ் அந்த வரியை நிம்மதியாக முடித்திருப்பார். உண்மையைச் சொல்லத்தான் எனக்கு எல்லோரும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுத நினைத்த காரணம் வேறு. அதை எழுத அவருக்கே கை வரவில்லை. அதற்குப் பதிலாக என் தப்பை எடுத்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. அது நேர்மையா என்று பன்னிரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருக்க வேண்டுமோ என்று சில நாள் தோன்றும். மறுபடி அந்த மேசை முன் நிறுத்தினாலும் சொல்ல மாட்டேன்.

மிஸ் எழுதிய சொல்லை அடித்தார். என் பெயரைக் கீழே புதிதாக எழுதினார். தாளில் நைனாவின் கோட்டுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைச் சிறியதாகப் போட்டார். “நாளைக்கு மணி அடிக்கறதுக்குள்ள வரணும்” என்றார், என்னைப் பார்த்து.

வீட்டுக்கு நடக்கும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போய் முடியும்வரை நைனா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு, “என் கையெழுத்துல கடைசி சுழி கீழ எறங்கும். நீ மேல தூக்கிகீற” என்றார். “இன்னொருவாட்டி என் பேர போட்ட, கைய ஒடிச்சுடுவேன்.” அவ்வளவுதான். அடிக்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் முழுவதும் சங்கத்துத் தாள்களை என்னிடம் கொடுக்கவில்லை. டீக்கடையில் யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். எனக்காகப் பொய் சொன்ன மனிதர் நான் படிப்பதை நம்பவில்லை. அது நான் சம்பாதித்தது.

இப்போது என் மகளுக்கு நான்கு வயது. திருவொற்றியூரில் இருக்கிறோம். “இன்னாம்மா சொல்ற” என்று அவள் கேட்டால், வந்திருக்கும் விருந்தினர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். படித்த நீங்கள் திருத்தக் கூடாதா என்கிறார்கள். திருத்தாமல் விடுவதால் அவளுக்கு எந்தக் கதவாவது மூடிவிடுமோ என்று எனக்குப் பயம்தான். அவளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன், மிஸ் சொல்லித்தந்ததுபோல ஒவ்வொரு வரியாக. ஆனால் என் நைனாவின் பேச்சை அவள் வாயிலிருந்து துடைக்க மாட்டேன்.

நான் பத்தாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம், புதிதாக வந்த இருபது பெண்களின் கையிலும் அதே தாள் இருந்தது. ஏழாவது விதி அப்படியே இருந்தது. எனக்கு ஒருத்திக்குத்தான் அது நீங்கியிருந்தது. குழாயடியில் காசிமேட்டுப் பெண் ஒருத்தி தாளை நீட்டினாள். அவளுடைய அப்பா கட்டுமரக்காரர். “அக்கா, எங்கப்பாக்கு சொல்லணும். இதுல இன்னா போட்டுகீது?”

வராந்தாவில் மிஸ் நின்றிருந்தார். ஒன்றும் விடாமல் பத்தையும் சொன்னேன். ஏழாவதை இரண்டு தடவை சொன்னேன். எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். நைனா மாதிரி அவளுடைய அப்பா வந்து நிற்பாரா? இவளுடைய இடம் என்னால் போய்விட்டால்? ஓடிப்போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று மாலை வரை தவித்தேன். போகவில்லை.

மறுநாள் காலை அவள் படிக்கட்டில் என்னை நிறுத்தித் தாளை விரித்துக் காட்டினாள். ஏழின் மேல் கோணலாக ஒரு கோடு. பக்கத்தில், கையெழுத்துப் போடத் தெரியாத அவளுடைய அப்பாவின் பெருவிரல் ரேகை, ஒரு புளியங்கொட்டையைவிடப் பெரிதாக. அதற்குப் பக்கத்தில் மிஸ்ஸுக்கு இடம் விட்டிருந்தார்கள்.