கஞ்சி போட்ட கத்தரிச்செடி

அன்றைக்குக் கொல்லையில் இருந்தவர்கள்: நான். என் பெண்சாதி. அவளுடைய அண்ணன், தாமலில் பயிர் வைக்கிறவர். வீட்டுக்கார அம்மா. பக்கத்து வீட்டு அக்கா. அக்காவின் ஆடு.

ஆடு தவிர எல்லாரும் ஒரு முறத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முறத்தில் புழு. அதில் ஒன்று குறைந்தாலும் எங்களுக்கு வீடு இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டின் பின்கட்டு எங்களுக்கு. முன்கட்டில் வீட்டுக்கார அம்மா. வயதானவர், தனியாக இருந்தார். சமணர். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். வடிகட்டிய துணியைக் கிணற்றுத் தண்ணீர் விட்டு அலசி, அலசிய தண்ணீரை மெதுவாகக் கிணற்றிலேயே இறக்குவார். துணியில் பூச்சி ஒட்டியிருந்தால் அது தன் இடத்துக்குப் போகட்டும் என்று.

குடி வந்த அன்றைக்கு என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

"இந்த வீட்ல எந்த உசுரும் சாவக்கூடாதுப்பா. செத்துதுன்னா அன்னைக்கே காலி பண்ணிடணும்."

சும்மா சொல்கிறவர் இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவன் எலிப்பொறி வைத்தான். எலி மாட்டியது. அம்மா பார்த்துவிட்டார். பொறியைத் திறந்து விடச் சொன்னார். எலி வெளியே போனது. அவனும் போனான்.

எனக்கு அந்த வீட்டை விட்டால் வழியில்லை. என் தறி குழித்தறி. காலை இறக்கி மிதிக்க முழங்கால் அளவு பள்ளம் வேண்டும். வாடகை வீட்டுக்குள் பள்ளம் தோண்ட எவர் விடுவார்? நாலு தெரு அலைந்தேன். ஒருத்தர், "யாரைப் புதைக்கப் போறே?" என்று கேட்டார். இந்த அம்மா ஒருத்தர்தான் சரி என்றார். மண்ணில் மண்புழு இருந்தால் எடுத்து ஓரமாக விட்டுவிட்டுத் தோண்டு என்றார். அப்படித்தான் தோண்டினேன். ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆனது.

அந்த வருஷம் அரிசிக்கே வரிசையில் நின்றோம். காய் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கொல்லை சும்மா கிடந்தது. செடி வைக்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"வையேன். செடி வெச்சா பூச்சி வரும். பூச்சி வந்தா நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

வெண்டை வைத்தால் ஆடு தின்னும். அவரை வைத்தாலும் ஆடு தின்னும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஆட்டை மாரியம்மனுக்கு நேர்ந்து விட்டிருந்தார். நேர்ந்து விட்ட ஆட்டைக் கட்டக் கூடாது. அடிக்கவும் கூடாது. ஆட்டுக்கு அது தெரியும் போல. தெருவில் தறிக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் வரும். அது தொடாத செடி ஒன்றே ஒன்று, முள்ளுக்கத்தரி. மோந்து பார்க்கும். தும்மும். போய்விடும்.

அதனால் மாசி மாதம் முள்ளுக்கத்தரி வைத்தோம். மச்சான் தாமலிலிருந்து நாற்று கொண்டு வந்தார். முப்பது நாற்று. வேலி போடவில்லை. தேவையும் இல்லை.

பங்குனி பிறந்தது. பூ வைத்தது. புழுவும் வந்தது. மஞ்சள் புழு, முதுகெல்லாம் முள். இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு பச்சையை மட்டும் சுரண்டும். நரம்பை விட்டுவிடும். இலையைத் தூக்கிப் பார்த்தால் சல்லாத்துணி மாதிரி வெளிச்சம் தெரியும்.

முதலில் அடுப்புச் சாம்பலை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா வந்து நின்றார்.

"சாம்பலு புழு கண்ணுல படாதா?"

"புழுவுக்குக் கண்ணு எங்கம்மா இருக்குது?"

"உனக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

சாம்பலைத் திரும்ப அடுப்படியில் கொட்டினேன்.

அப்புறம் கையால்தான். விடிந்ததும் இலை இலையாகத் தூக்கிப் பார்ப்பேன். புழுவை நசுங்காமல் எடுத்துக் கொட்டாங்கச்சியில் போடுவேன். வேகவதி ஆற்றங்கரையில் ஒரு சுண்டைச்செடி இருந்தது. அங்கே கொண்டுபோய் விடுவேன். அந்த இடம்கூட அம்மா சொன்னதுதான். வெறும் மணலில் விட்டால் அது என்னத்தைத் தின்னும் என்று கேட்டார். நான் அதை யோசிக்கவில்லை.

திரும்பி வந்தால் வாசலில் நிற்பார்.

"இன்னைக்கு எத்தனை?"

"முப்பத்திரண்டும்மா."

"எல்லாம் உசுரோடவா?"

"உசுரோடத்தாம்மா."

அதற்கு அப்புறம்தான் அவர் பலகாரம் சாப்பிடப் போவார். நானும் தறியில் இறங்குவேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். தறியில் முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. பெண் வீட்டார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். புழு பொறுக்கிக்கினு இருந்தேன் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

மச்சான் வந்து பார்த்தார். சிரித்தார். அடுத்த தடவை ஒரு டப்பாவில் வெள்ளைப் பவுடர் கொண்டு வந்தார்.

"ஒரு பிடி தூவு மாப்ள. சாயந்தரத்துக்குள்ள சுத்தம். நாங்க நெல்லுக்கே போடறோம்."

"அம்மா பார்த்தா?"

"வயசாயி செத்துப்போச்சுன்னு சொல்லு."

"முப்பத்திரண்டுக்கும் ஒரே நாள்ல வயசாச்சா?"

என் பெண்சாதி அந்த டப்பாவைப் பிடுங்கி அவர் பையிலேயே போட்டாள். "எடுத்துக்கினு போ அண்ணா. தறிக்குழியை நீயா தூக்கிக்கினு வருவே?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது.

பட்டுப் பாவு, அதாவது சேலைக்கான நீள இழை, அதைத் தெருவில் நீட்டிக் கட்டி நாங்கள் கஞ்சி போடுவோம். அரிசிக் கஞ்சி. அது காய்ந்தால் இழை விறைப்பாக நிற்கும். உரசினாலும் அறாது. இலைக்கும் அப்படிப் போட்டால் என்ன? இலை விறைத்துவிடும். புழு சுரண்டிப் பார்க்கும். பல் ஏறாது. நாம் எதுவும் செய்யாமல் தானாக இறங்கிப் போய்விடும். யாரும் சாகவில்லை. வீடும் போகவில்லை. எனக்கு அது ரொம்ப நல்ல யோசனையாகத் தெரிந்தது.

பெண்சாதிக்கு அப்படித் தெரியவில்லை.

"மனுசனுக்கே கஞ்சி இல்ல. கத்தரிச்செடிக்கு ஊத்தறீங்களா?"

"ஒரு தடவைதான்."

"உங்கம்மா வந்தாலும் இப்படி ஊத்த மாட்டீங்க."

உழக்கு அரிசி போட்டுக் காய்ச்சினேன். கட்டி இல்லாமல் வடித்தேன். பாவுக்குப் போடுகிற அதே புருசு. மேலிருந்து கீழே, ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். இலைக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. புழு இருந்த இடத்தைச் சுற்றி இழுத்தேன். ஒன்றையும் நசுக்கவில்லை. முப்பது செடியும் முடிந்தபோது வெயில் ஏறிவிட்டது. இலையெல்லாம் பளபளவென்று நின்றது. தட்டினால் சத்தம் கேட்கும். கத்தரிச்செடி அவ்வளவு நேர்த்தியாக நின்று நான் பார்த்ததில்லை.

அம்மா வந்தார்.

"இன்னைக்கு எத்தனை?"

"நாப்பத்தொண்ணும்மா. எடுக்கல. இலை மேலதான் இருக்குது. தானா போயிடும்."

"நாப்பத்தொண்ணா?"

"சரியா எண்ணிட்டேம்மா."

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

தறியில் உட்கார்ந்தால் எனக்கு வேறு சத்தம் கேட்காது. பெண்சாதி வந்து தோளைத் தட்டினாள். அவள் வாய் அசைவது தெரிந்தது. ஓடினேன்.

ஆடு கடைசிச் செடியில் இருந்தது. மோந்து பார்க்கவில்லை. தும்மவும் இல்லை. அரிசிக் கஞ்சி போட்ட கத்தரி இலை அதற்கு அப்பளம் மாதிரி இருந்திருக்க வேண்டும். மொறுமொறு என்று தின்றது. மற்ற செடியெல்லாம் குச்சியாக நின்றது. பூவும் இல்லை.

நாங்கள் கூவிய சத்தத்துக்கு அக்கா ஓடி வந்தார். அம்மாவும் வந்தார். மச்சான் சந்தைக்கு வந்தவர் நேராக உள்ளே வந்தார்.

அம்மா செடியைப் பார்க்கவில்லை. ஆட்டைப் பார்த்தார்.

"அந்த நாப்பத்தொண்ணும் எங்கப்பா?"

எல்லாரும் ஆட்டின் வயிற்றைப் பார்த்தோம்.

அக்காதான் முதலில் வாய் திறந்தார். "என் ஆடு சாமி ஆடும்மா. புழுவு வாயில வெக்காது. ஊதிட்டுத்தான் திங்கும்."

"ஆடு ஊதி நான் பார்த்ததே இல்லையே," என்றார் மச்சான்.

"உங்க ஊரு ஆடு உன்னை மாதிரி இருக்கும். இது ஊதும்."

அம்மா என்னிடம் சொன்னார். "கஞ்சி போட்டது நீ. அதனாலதான் ஆடு வந்துது. ஒண்ணு செத்திருந்தாலும் உன் கணக்குத்தான். பொழுது சாயறதுக்குள்ள நாப்பத்தொண்ணையும் உசுரோட காட்டு, இருந்துக்கோ. இல்லன்னா நாளைக்குத் தறியைப் பிரிச்சிடு. இது தீராம நான் சோறு தொட மாட்டேன்."

உள்ளே போய்விட்டார். பொழுது சாய்ந்த பின் அவர் சாப்பிட மாட்டார் என்பது தெரியும். ஆக எங்களால் ஒரு கிழவி பட்டினியும் கிடக்க வேண்டியிருக்கும்.

அக்கா ஆட்டைக் கிணற்றடித் தூணில் கட்டினார். மாரியம்மா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கோ என்று சொல்லிக்கொண்டே கட்டினார். என் தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது அவர்தான். நாங்கள் போனால் அவருக்கும் அந்த வேலை இல்லை.

நாலு பேரும் மண்டி போட்டுத் தேடினோம். ஆடு இழுத்த இழுப்பில் கொஞ்சம் புழு உதிர்ந்திருந்தது. குச்சிக்கு அடியில், மண்கட்டி இடுக்கில், மண்ணில் புரண்டுகொண்டு. நடுப்பகல் வரைக்கும் தேடியதில் பத்தொன்பது. உசுரோடு.

இன்னும் இருபத்திரண்டு வேண்டும். கொல்லையில் இல்லை. எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆடு தூணில் சாய்ந்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"வெத்தலை வாங்கிட்டு வரேன் மாப்ள," என்று மச்சான் எழுந்தார். அவருக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை.

பெண்சாதி குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். கொல்லையிலேயே கிணறு இருக்கிறது. நான் கேட்கவில்லை.

அக்கா, ஆட்டுக்குத் தழை ஒடித்து வருகிறேன் என்றார். அதன் வயிற்றில் முப்பது செடி இருந்தது.

எல்லாரும் போன பிறகு நான் கொட்டாங்கச்சியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். நான் விட்ட புழுதானே, நான் எடுத்தால் என்ன என்று நினைத்தேன். சுண்டைச்செடியில் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. ஏற்கெனவே யாரோ கிளையை வளைத்துப் பார்த்த மாதிரி இருந்தது. கீழே மிதித்த தடம். எனக்கு அப்போது அதெல்லாம் ஓடவில்லை. பக்கத்தில் இன்னொரு செடி தேடி, எண்ணி இருபத்திரண்டு எடுத்தேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மூன்று மணிக்கு எல்லாரும் திரும்பக் கொல்லையில் மண்டி போட்டோம். இப்போது எல்லாருக்கும் கை நன்றாக வந்தது.

"இதோ ஒண்ணு," என்றார் மச்சான்.

"இங்க ரெண்டு," என்றாள் பெண்சாதி.

"யம்மா, இந்தக் குச்சியில மட்டும் எத்தனை பாரேன்," என்றார் அக்கா. அது அவர் முன்பே இரண்டு தடவை பார்த்த குச்சி.

நானும் துண்டுக்குள் கையை விட்டு விட்டு எடுத்தேன். எல்லாம் ஒரே பானையில் போட்டோம். யாரும் யார் கையையும் பார்க்கவில்லை. பானைக்குள்ளேயும் பார்க்கவில்லை.

வெயில் சுவரில் ஏறியபோது அம்மா முறத்தோடு வந்தார். கையில் ஒரு மயிலிறகு. பானையை முறத்தில் கவிழ்த்தார். இறகால் ஒவ்வொன்றாக நகர்த்தி, அசைகிறதா என்று பார்த்து, எண்ணினார். வாய்விட்டு எண்ணினார்.

பத்தொன்பது. இருபது. முப்பது. நான் மூச்சை விட்டேன்.

நாற்பது. நாற்பத்தொன்று.

இறகு நிற்கவில்லை. நாற்பத்திரண்டு என்றார்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பெண்சாதி கிணற்றைப் பார்த்தாள். அக்கா ஆட்டைப் பார்த்து, "தா, சும்மா நில்லு," என்றார். ஆடு சும்மாதான் நின்றது.

ஐம்பது. அறுபது. அம்மாவின் குரல் மாறவில்லை. புழுவெல்லாம் முறத்தின் ஓரத்தில் ஏறுகிறது. அவர் இறகால் இறக்கி விடுகிறார். எண்ணியதைத் திரும்ப எண்ணாமல் இந்தப் பக்கம் தள்ளுகிறார். நானே அவ்வளவு சரியாக எண்ணியிருக்க மாட்டேன்.

கடைசிப் புழுவை நகர்த்திவிட்டு இறகைக் கீழே வைத்தார்.

"நாப்பத்தொண்ணுதானே சொன்னே?"

"ஆமாம்மா."

"எண்ணத் தெரியாதவன் எப்படிப்பா சீலை நெய்யறே?"

தெருவில் வேறு யாராவது அதைக் கேட்டிருந்தால் நான் சும்மா இருந்திருக்க மாட்டேன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"குறையலல்ல?" என்றார்.

"குறையலம்மா."

"அப்ப இரு."

எழுந்து கை கழுவினார். பொழுது இன்னும் கொஞ்சம் இருந்தது. சாப்பிட உள்ளே போனார். நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தேன்.

தொண்ணூற்றாறு.